ஒருவர் இறந்த பிறகு அவருடைய போன்: வரிசை தவறாமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

இறந்தவரின் போனில் இருந்ததை வீட்டார் இழப்பது பெரும்பாலும் பூட்டைத் திறக்க முடியாததால் அல்ல, வேலைகளை முன்பின்னாகச் செய்துவிடுவதால். மாதக் கட்டணம் வீணாகிறதே என்று முதல் வாரத்திலேயே சிம்மை ரத்து செய்வார்கள். அப்புறம் எந்தக் கணக்கைத் திறக்கப் போனாலும் ஓடிபி அந்த எண்ணுக்கே போகும். போனை ரீசெட் செய்து வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். கடைசியாக எடுத்த படங்கள் வேறெங்கும் ஏறவில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

ஆகவே இங்கே சொல்லப்போவது முழுக்க வரிசையைப் பற்றி. போன் கையில் இருக்கிறது, அதன் சொந்தக்காரர் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் முதலிலிருந்து படியுங்கள். தன் போனை இப்போதே ஒழுங்கு செய்துவைக்க நினைப்பவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

1. முதலில் எதையும் மாற்றாதீர்கள்

சார்ஜரில் போடுங்கள். அணைக்காதீர்கள், சிம்மைக் கழற்றாதீர்கள், அப்டேட் கேட்டால் 'பிறகு' என்று தள்ளுங்கள்.

இன்றைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டே, இருக்கிறது. போன் ஆன் ஆனதும் ஒருமுறை பாஸ்கோடு போட்டால்தான் அதைப் படிக்கும் சாவி உள்ளே தயாராகும். பேட்டரி தீர்ந்து அணைந்து மறுபடி எழுந்த போன் கைரேகையை ஏற்காது, முகத்தை ஏற்காது. அந்த நிலையில் இருக்கும் ஐபோனுக்கு யாராவது அழைத்தால் திரையில் பெயர் வராது, வெறும் எண்தான் வரும். தொடர்புப் பட்டியலையே அது இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம்.

அணைக்காமல் வைத்திருந்தால் மட்டும் போதாது. புதிய மென்பொருள் உள்ள ஐபோன்களும் பல ஆண்ட்ராய்டு போன்களும் 3 நாள் யாரும் திறக்காமல் கிடந்தால் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகி இதே நிலைக்குப் போய்விடும்.

போன் திறந்த நிலையிலேயே கைக்கு வந்ததா? ஐபோனில் 'ஆட்டோ லாக்' அமைப்பை 'நெவர்' என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் திரை அணையும் நேரத்தை முடிந்தவரை நீட்டுங்கள். டெவலப்பர் அமைப்புகளில் 'ஸ்டே அவேக்' என்று ஒன்று உண்டு, சார்ஜரில் இருக்கும்வரை திரை அணையாது. பாஸ்கோடு தெரியாத போன் திறந்தபடி கிடைப்பது அரிது. கிடைத்தால் மற்றதையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு 4-ஆம் பகுதிக்குப் போங்கள்.

போனே காணாமல் போயிருந்தால், வேறு சாதனத்திலிருந்து 'எரேஸ்' கொடுக்காதீர்கள். 'லாஸ்ட் மோடு' போட்டுப் பூட்டினால் போதும். அவர் கணக்கு திறந்திருக்கும் டேப்லெட்டோ லேப்டாப்போ வீட்டில் இருந்தால், பதற்றத்தில் யாரும் அதில் எரேஸ் பொத்தானை அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள், பிறகு காகிதங்களைச் சேருங்கள்

ஆளாளுக்கு ஒரு கணக்கில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' அழுத்தினால் சில மணி நேரத்தில் கணக்குகள் ஒவ்வொன்றாக 'சந்தேகத்துக்குரிய நுழைவு' என்று பூட்டிக்கொள்ளும். அதனால் ஒரே ஒருவர் செய்யட்டும். மற்றவர்களின் சம்மதத்தை ஒரு செய்தியாகவாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் "நீ எதையோ அழித்துவிட்டாய்" என்ற பேச்சு வரும்போது அது தேவைப்படும்.

சேர்க்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழின் தெளிவான ஸ்கேன், உறவை நிரூபிக்கும் சான்று, உங்கள் அடையாள அட்டை, உயிலோ வாரிசுச் சான்றோ இருந்தால் அது. சான்றிதழ் ஒரு மொழியிலும் நிறுவனம் கேட்பது இன்னொரு மொழியிலும் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு. எந்தக் கணக்கு, எந்த மின்னஞ்சல், எந்த எண், என்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கையால் எழுதுங்கள். இதைக் குறித்துவைக்காதவர்கள் நிறுவனத்தின் பதில் வரும்போது எந்த மின்னஞ்சலிலிருந்து விண்ணப்பித்தோம் என்றே தெரியாமல் திண்டாடுவார்கள்.

அவருடைய பழைய போன்கள், லேப்டாப், டேப்லெட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். புதுப் போன் பூட்டியிருந்தாலும் அலமாரியில் கிடக்கும் பழைய போனில் அதே கூகுள் கணக்கு திறந்தே இருக்கலாம்.

3. பாஸ்கோடை ஊகிப்பதற்கு முன்

எல்லோரும் முதலில் செய்வது இதுதான்: பிறந்த நாள், திருமண நாள், பிள்ளையின் பிறந்த நாள் என்று வரிசையாகப் போட்டுப் பார்ப்பது. தவறான முயற்சிகள் கூடக்கூட காத்திருக்கும் நேரமும் கூடும். ஐபோனில் 'எரேஸ் டேட்டா' என்ற அமைப்பை அவர் இயக்கி வைத்திருந்தால் 10 தவறான முயற்சிகளில் உள்ளே உள்ள அனைத்தும் அழிந்துவிடும். அவர் அதை இயக்கினாரா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. அதனால் இயக்கியிருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

முதலில் தேடுங்கள். டைரி, பர்ஸ், மேசை இழுப்பறை, போன் வந்த பெட்டியின் உள்மூடி. அவர் அடிக்கடி போனைக் கொடுத்து "அந்தப் படத்தை எடு" என்று சொன்ன குழந்தை யாராவது இருந்தால் அந்தக் குழந்தையைக் கேளுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாத பாஸ்கோடு பல வீடுகளில் பேரப்பிள்ளைக்குத் தெரியும். கிடைத்த ஒவ்வொரு ஊகத்தையும் நோட்டில் எழுதி, வாய்ப்பு அதிகமானதிலிருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். 5 முறைக்குள் திறக்கவில்லையா, நிறுத்திவிடுங்கள்.

இரண்டு வேறு எண்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். திரைப் பூட்டு ஒன்று, சிம் பின் இன்னொன்று. சிம் பின்னை 3 முறை தவறாகப் போட்டால் பியூகே எண் (பூட்டிய சிம்மைத் திறக்கத் தொலைபேசி நிறுவனம் தரும் எண்) கேட்கும். பியூகே எண்ணை 10 முறை தவறாகப் போட்டால் அந்த சிம் கார்டு நிரந்தரமாகச் செத்துவிடும். திரையில் 'சிம்' என்ற சொல் தெரிந்தால் ஊகிக்கவே வேண்டாம்.

கேட்கத் தயங்கினாலும் பலர் மனதில் இருக்கும் கேள்வி ஒன்று: அவருடைய விரலை வைத்துத் திறக்கலாமா? அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். பெரும்பாலான கைரேகை உணரிகள் உயிருள்ள தோலை எதிர்பார்ப்பவை. ஃபேஸ் ஐடி, கண் திறந்து போனைப் பார்ப்பதை எதிர்பார்க்கும். ஐபோனைத் திறந்து 48 மணி நேரம் ஆகிவிட்டால் எப்படியும் பாஸ்கோடைத்தான் கேட்கும். விடைபெறும் நேரத்தை இதில் செலவழித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"லாக் எடுத்துத் தருகிறோம்" என்பவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "உள்ளே இருக்கும் படம் அப்படியே இருக்குமா?" பெரும்பாலும் அவர்கள் செய்வது ரீசெட்தான். போன் மறுபடி உபயோகத்துக்கு வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. மெமரி சிப்பைத் தனியே கழற்றிப் படிப்பதும் இன்றைய போன்களில் பயன்படாது. சாவி அந்த சிப்பில் இல்லை. தனி மெமரி கார்டு போட்ட ஆண்ட்ராய்டு போன் மட்டும் இதற்கு விலக்கு: கார்டை மறையாக்கம் செய்யாமல் பயன்படுத்தியிருந்தால் கணினியில் போட்டதும் படங்கள் தெரியும்.

4. திறந்த போனில் எதை முதலில் எடுப்பது

எல்லோரும் முதலில் படங்களைத்தான் தேடுவார்கள். படங்கள் காத்திருக்கும், காத்திருக்காதவை வேறு சில உண்டு.

முதலாவது, தானாக மறையும் செய்திகள். வாட்ஸ்அப்பில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மறையும்படி வைத்த உரையாடல்கள் சொந்தக்காரர் இறந்ததை அறியாமல் மறைந்துகொண்டே இருக்கும். கடைசி நாட்களின் உரையாடல் வேண்டும் என்றால் இன்றே எடுங்கள்.

இரண்டாவது, குப்பைத் தொட்டி. ஐபோனின் 'சமீபத்தில் நீக்கியவை' 30 நாளில் காலியாகும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் குப்பையில் 60 நாள் இருக்கும். அவரே வேண்டாம் என்று நீக்கியதை மீட்கலாமா என்பது வேறு கேள்வி. கைதவறி நீக்கியது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் எடுப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, மற்றக் கணக்குகளைத் திறக்கும் சாவிகள்: போனில் சேமித்த பாஸ்வேர்டுகள், உள்நுழைவுக் குறியீடுகளைத் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீகள். ஆத்தென்டிகேட்டர் குறியீடுகளை வேறு போனுக்கு மாற்றும் வசதி கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற செயலிகளில் உண்டு. கியூஆர் குறியீட்டைக் காட்டும், இன்னொரு போனால் ஸ்கேன் செய்தால் போதும்.

ஐபோனாக இருந்தால் இந்த வேலையை அவர் வாழ்ந்த வீட்டிலேயே உட்கார்ந்து செய்யுங்கள். 'ஸ்டோலன் டிவைஸ் புரொட்டெக்ஷன்' என்ற திருட்டுப் பாதுகாப்பு இயக்கப்பட்ட போன், பழகிய இடத்தை விட்டு வெளியே போனதும் சேமித்த பாஸ்வேர்டுகளைக் காட்ட முகத்தையோ கைரேகையையோ கட்டாயம் கேட்கும். பாஸ்கோடு தெரிந்திருந்தும் பயனில்லை. போனை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பியவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்குப் பிறகு படங்கள். ஐபோனைக் கணினியில் இணைத்தால் 'நம்பலாமா' என்று கேட்டு பாஸ்கோடு வாங்கும். ஆண்ட்ராய்டில் திரை திறந்திருந்தால் போதும், யுஎஸ்பி அமைப்பை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றி அப்படியே இழுத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது: போனில் இடம் மிச்சப்படுத்தும் அமைப்பு இயங்கினால் போனில் இருப்பது சிறிய நகல், அசல் கிளவுடில், அதாவது நிறுவனத்தின் இணையச் சேமிப்பிடத்தில் இருக்கும். பிரதி எடுத்த பிறகு ஒரு பழைய படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலாக இருந்தால் கிளவுடிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

குறிப்புகள், குரல் பதிவுகள், தொடர்பு எண்கள் ஆகியவற்றைச் செயலியின் 'ஷேர்' அல்லது 'எக்ஸ்போர்ட்' வழியாக எடுங்கள். வாய்ஸ்மெயில் வசதி இருந்த எண்ணாக இருந்தால், "நான் இப்போது பேச முடியாது, செய்தி விடுங்கள்" என்று அவர் குரலில் வரும் அந்த வாழ்த்து போனில் இருப்பதில்லை, தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. எண்ணை மூடினால் அதுவும் போகும். இன்னொரு போனிலிருந்து அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

5. வாட்ஸ்அப்: தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று

"நிறுவனத்திடம் கேட்டால் பழைய செய்திகளைத் தருவார்களா?" தரமாட்டார்கள், அவர்களிடம் இல்லை. போய்ச் சேர்ந்த செய்தி சர்வரில் தங்குவதில்லை. போய்ச் சேராதது 30 நாள் வரை காத்திருந்து அழிந்துவிடும். அதாவது போனை ஒரு மாதத்துக்கு மேல் அணைத்து வைத்தால், அந்த இடைவெளியின் தொடக்கத்தில் வந்தவை எந்தக் காலத்திலும் வந்து சேராது.

ஆகவே செய்திகள் இருப்பது மூன்று இடங்களில்தான்: அந்தப் போன், அதன் பேக்கப், எதிரே பேசியவரின் போன்.

முதல் வேலை, போனைத் திறந்து முக்கியமான உரையாடல்களை 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் எடுப்பது. படங்களோடு எடுத்தால் சமீபத்திய 10,000 செய்திகள் வரை, படங்கள் இல்லாமல் எடுத்தால் 40,000 வரை வரும். நீண்ட உரையாடலை இரண்டு விதமாகவும் எடுத்து வையுங்கள்.

இதில் நடக்கும் பெரிய தவறு, சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டு அதே எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறப்பது. அந்த நொடியே பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். புதுப் போனில் பேக்கப்பை மீட்க அதே எண்ணும் அவருடைய கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கும் இரண்டும் வேண்டும். பேக்கப்பை அவர் மறையாக்கம் செய்திருந்தால் அதற்கென்று வைத்த பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ இல்லாமல் அது திறக்காது. இவை கையில் இருந்தால் ஒழிய சிம்மை மாற்றவே மாற்றாதீர்கள்.

லேப்டாப்பில் அவருடைய வாட்ஸ்அப் திறந்திருக்கிறதா? நல்லது, ஆனால் மூலப் போனை 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் இணைத்த சாதனங்கள் வெளியேறிவிடும். போன் பூட்டிக்கிடக்கும் வீடுகளில் அந்த லேப்டாப்தான் கடைசி வழி. உட்கார்ந்து முக்கியமான பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

கணக்கு 120 நாள் இயங்காமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். குழுக்களில் 'வெளியேறினார்' என்று அவர் பெயர் வரும்போது திடுக்கிடாதீர்கள். போனுக்குள் இருக்கும் செய்திகள் செயலியை நீக்காதவரை அப்படியே இருக்கும்.

6. மின்னஞ்சல்தான் கொத்துச் சாவி

மற்றக் கணக்குகளில் பெரும்பாலானவற்றின் பாஸ்வேர்டை மின்னஞ்சல் வழியாகத்தான் மீட்க வேண்டியிருக்கும். அதனால் அதைத் தொடும்போது மிகவும் நிதானம் வேண்டும். போனில் ஜிமெயில் ஏற்கெனவே திறந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், வெளியேறாதீர்கள். தெரியாத பாஸ்வேர்டு உள்ள கணக்கிலிருந்து வெளியேறினால் திரும்ப நுழைய முடியாமல் போகலாம்.

உள்ளே இருந்தபடியே 'கூகுள் டேக்அவுட்' வழியாக மொத்தத் தரவையும் கேட்கலாம். பெரிய கணக்கு என்றால் தயாராக நாட்கள் ஆகும். தயாரான கோப்பின் இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், எனவே வெளி ஹார்டு டிஸ்க் கையில் வந்த பிறகு கேளுங்கள். ஐகிளவுடுக்கும் ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் இதே போன்ற வசதி உண்டு.

கட்டணச் சேமிப்பிடத்தையும் பாருங்கள். வங்கி அட்டை முடக்கப்பட்டதும் கிளவுட் சந்தா நின்றுவிடும், இடம் சுருங்கும், புதிய மின்னஞ்சல் வருவதே நிற்கலாம். படங்களை இறக்கி முடிக்கும்வரை சந்தா நிற்காதபடி வேறு வழி செய்துகொள்ளுங்கள்.

7. திறக்கவே முடியாவிட்டால்: நிறுவனத்திடம் கேட்பது

எந்த நிறுவனமும் பூட்டிய போனின் பாஸ்கோடைத் தராது. ஆப்பிளால்கூட உள்ளே உள்ளதை அழிக்காமல் பாஸ்கோடை எடுக்க முடியாது. கேட்கக் கூடியது கிளவுடில் உள்ளதை மட்டும்.

ஆப்பிளில் அவர் உங்களை 'லெகசி காண்டாக்ட்' (தன் இறப்புக்குப் பிறகு தரவைப் பெற நியமித்தவர்) ஆக்கியிருந்தால் அணுகல் சாவி என்று ஒன்று உங்களிடம் இருக்கும். நீண்ட எழுத்துக் குறியீடாகவோ கியூஆர் ஆகவோ. அதுவும் இறப்புச் சான்றிதழும் சேர்ந்தால் படங்கள், செய்திகள், குறிப்புகள், கோப்புகள், பேக்கப் ஆகியவை கிடைக்கும். சேமித்த பாஸ்வேர்டுகள், பணம் கொடுத்து வாங்கிய படம், பாட்டு, புத்தகங்கள் கிடைக்காது. முதல் அனுமதி கிடைத்த நாளிலிருந்து 3 வருடம் கழித்து கணக்கு நிரந்தரமாக நீக்கப்படும்.

இதிலும் வரிசை உண்டு. அனுமதி கிடைத்ததும் அவருடைய பழைய ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு செல்லாது, உங்களுக்குப் புதுக் கணக்கு வரும். ஆகவே போன் திறந்திருந்தால் 4-ஆம் பகுதி வேலை முழுவதையும், முக்கியமாகச் சேமித்த பாஸ்வேர்டுகளை, முடித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

லெகசி காண்டாக்ட் இல்லாவிட்டால் தரவைப் பெற, உரிய வாரிசு நீங்கள்தான் என்று சொல்லும் நீதிமன்ற உத்தரவை ஆப்பிள் பல நாடுகளில் கேட்கும்.

கூகுளில் இறந்தவர் கணக்குக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. கணக்கை மூடக் கேட்கலாம், தரவைக் கேட்கலாம். மூடுவது ஓரளவு எளிது, தரவு கிடைப்பது அவர்கள் பரிசீலனையைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள். முதலில் தரவு; மூடச் சொல்வது அது முடிந்த பிறகு. சும்மா விட்டால் 2 வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்குவது கூகுளின் கொள்கை, 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி இறந்தவர்களுக்குப் பொருந்தாது, அந்தந்த நாடு தனியே விதி செய்யலாம். ஜெர்மனியில் 2018-இல் உச்ச நிலை நீதிமன்றம், இறந்த மகளின் ஃபேஸ்புக் கணக்கு பெற்றோருக்கு வாரிசுரிமையாகச் சேரும் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், தளத்தின் அமைப்பிலேயே ஒருவரை நியமித்திருந்தால் அது உயிலில் எழுதியதையும் மிஞ்சும். வழக்கறிஞரிடம் போகும்போது 'கணக்கு வேண்டும்' என்று சொல்லாமல், 'இந்தக் கணக்கின் இன்னின்ன தரவு வேண்டும்' என்று எழுதிக் கொடுங்கள். உத்தரவில் அது தெளிவாக இல்லாவிட்டால் நிறுவனம் திருப்பி அனுப்பிவிடும்.

8. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும்: அவசரப்படாதீர்கள்

இறந்த செய்தியைத் தெரிவித்தால் கணக்கு நினைவுக் கணக்காக மாறும். மாறிய பிறகு யாரும் அதில் நுழைய முடியாது, பாஸ்வேர்டு தெரிந்திருந்தாலும்கூட. ஃபேஸ்புக்கில் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் முகப்புப் படத்தை மாற்றலாம், ஒரு பதிவை மேலே நிறுத்தலாம், தனிச் செய்திகளைப் படிக்க முடியாது.

அதனால் பதிவுகளையும் படங்களையும் தரவிறக்கம் செய்த பிறகே தெரிவியுங்கள். நல்லெண்ணத்தில் தூரத்து நண்பர் யாராவது முந்திக்கொண்டு தெரிவித்துவிடுவதும் உண்டு. நெருங்கிய வட்டத்தில் "இப்போது யாரும் ரிப்போர்ட் செய்ய வேண்டாம்" என்று ஒரு வரி சொல்லி வையுங்கள்.

9. வங்கி, பணச் செயலிகள்

போன் திறக்கிறது, ஓடிபி வருகிறது, செயலி வேலை செய்கிறது. ஆனாலும் பணத்தை மாற்றாதீர்கள். இறந்தவரின் பெயரில், அவரைப் போல நுழைந்து செய்யும் பரிமாற்றம் பின்னால் வாரிசுகளுக்குள் வழக்காகவும் குற்றமாகவும் திரும்பி வரும். எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது, எந்தச் சந்தா ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் குறுஞ்செய்திகளைப் பாருங்கள். பணம் நியமனதாரர், வாரிசு வழியாகவே வரட்டும்.

10. படிக்கலாமா?

இதைத் தனிப் பகுதியாக வைத்ததற்குக் காரணம், எடுத்துவைப்பதும் படிப்பதும் வேறு வேறு வேலைகள். எடுத்துவைப்பதற்கு அவசரம் உண்டு. படிப்பதற்கு இல்லை.

போனில் இருப்பது இறந்தவரின் அந்தரங்கம் மட்டுமல்ல. அவரிடம் தன் நோயைச் சொன்ன தோழி, கடன் கேட்ட தம்பி, மனம் விட்டு அழுத சக ஊழியர் என்று உயிரோடு இருக்கும் பலருடைய பேச்சும் அதில் இருக்கிறது. அவர்கள் அதை உங்களிடம் சொல்லவில்லை.

நான் சொல்லும் முறை இதுதான். பெயர் பார்த்துத் தேவையான உரையாடலை மட்டும் திறங்கள்: மருத்துவர், வங்கி, வீட்டு உரிமையாளர், வேலையிடம். மற்றவற்றைப் பிரதி எடுத்து, பூட்டி வையுங்கள். சில மாதம் கழித்தும் படிக்க வேண்டும் என்று தோன்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். எதிரே பேசியவர் கேட்டுக்கொண்டால் அந்த உரையாடலை அழித்துவிடுவதே மரியாதை. அவர் உயிரோடு இருந்தபோது "இதைப் பார்க்காதே" என்று சொன்ன ஃபோல்டர் ஏதாவது இருந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

மரணத்தில் சந்தேகம் இருந்தால் இது பொருந்தாது. அப்போது எதையும் திறக்காமல், நகலெடுக்காமல், போனை அப்படியே காவல்துறையிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

11. எண்ணை மூடுவது, போனைத் துடைப்பது

இது கடைசி. நோட்டைத் திறந்து ஒவ்வொரு கணக்கிலும் அந்த எண்ணை நீக்கினீர்களா அல்லது கணக்கையே மூடினீர்களா என்று பாருங்கள். நீங்கள் கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் சில மாதங்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கும். அப்போது மீதமிருக்கும் கணக்குகளின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். எண்ணைக் கைவிட மனமில்லாவிட்டால் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றியோ, வாரிசு பெயருக்கு மாற்றியோ வைத்துக்கொள்ளலாம்.

பிறகு போன். ஆண்ட்ராய்டில் முதலில் கூகுள் கணக்கை அமைப்புகளில் போய் நீக்குங்கள், அதன்பின் ரீசெட். கணக்கை நீக்காமல் மீட்பு மெனு வழியாக ரீசெட் செய்தால் மறுபடி ஆன் ஆகும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். ஐபோனில் 'ஃபைண்ட் மை' (தொலைந்த போனைத் தேடும் வசதி) அணைத்து, கணக்கிலிருந்து வெளியேறி, அதன்பின் அழியுங்கள். இ-சிம் (கார்டு இல்லாமல் போனிலேயே பதிந்த சிம்) இருந்தால் அழிக்கும்போது அதையும் நீக்கவா என்று கேட்கும். எண் மூடியாகிவிட்டதா என்று பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

எடுத்த பிரதிகளை ஒருமுறை திறந்து பார்க்காமல் இந்தப் படியைத் தொடாதீர்கள். கோப்பு இருக்கிறது என்பதும் கோப்பு திறக்கிறது என்பதும் ஒன்றல்ல.

12. உங்கள் போனுக்கு இப்போதே செய்ய வேண்டியவை

ஐபோனில் உங்கள் பெயரைத் தொட்டு, உள்நுழைவும் பாதுகாப்பும் என்ற பகுதியில் 'லெகசி காண்டாக்ட்' சேருங்கள். ஐஓஎஸ் 15.2-இலிருந்து இருக்கிறது, 5 பேர் வரை சேர்க்கலாம். அவர்களிடம் ஐபோன் இருக்க வேண்டியதில்லை. வரும் சாவியை அச்சிட்டு உங்கள் முக்கியமான காகிதங்களோடு வையுங்கள். பலர் சாவியை அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருக்கிறார்கள். போனே திறக்காதபோது அது எதற்கு?

கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்'. 3, 6, 12, 18 மாதம் என்று எவ்வளவு நாள் மௌனத்துக்குப் பிறகு செயல்பட வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம். 10 பேர் வரை, யாருக்கு எது என்று பிரித்தும் கொடுக்கலாம். ஒருவருக்குப் படங்கள் மட்டும், இன்னொருவருக்கு மின்னஞ்சல் மட்டும். அறிவிப்பு போன பிறகு அவர்கள் தரவிறக்க 3 மாதம் அவகாசம். எல்லாம் அழியட்டும் என்றாலும் சரி, அதற்கும் இதே இடத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது.

ஃபேஸ்புக்கிலும் ஒருவரை நியமியுங்கள், அல்லது இறந்ததும் நீக்கச் சொல்லிக் குறியுங்கள்.

யாரும் பார்க்கக் கூடாது என்று நினைப்பது இருந்தால் அதை நம்பிக்கைக்குரியவர் நல்லவராக இருப்பார் என்று விட்டுவைக்காதீர்கள். மறையும் செய்தியாக வையுங்கள், பேக்கப்பில் சேராதபடி வையுங்கள், அல்லது நீக்கிவிடுங்கள்.

போன் பாஸ்கோடையும் சிம் பின்னையும் ஒரு தாளில் எழுதி, மூடிய உறையில் வைத்து, உறை இருக்கும் இடத்தை ஒருவருக்குச் சொல்லுங்கள். பாஸ்கோடை மாற்றும்போதெல்லாம் தாளையும் மாற்றுங்கள். கூகுளில் நீங்கள் நியமித்தவர் தன் எண்ணை மாற்றினால் அங்கேயும் திருத்துங்கள். உங்களுக்குப் பிறகு, நீங்கள் நியமித்தவர் அவர்தான் என்று கூகுள் உறுதி செய்துகொள்வது அந்த எண்ணை வைத்துத்தான்.